ரங்கூன் வீட்டு அடுப்பு

ஆஸ்பத்திரியிலிருந்து ஜாஸ்பின் வீட்டுக்கு வந்தபோது அடுப்படிக் கதவு சாத்திக் கிடந்தது. நாதாங்கியில் பூட்டு தொங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கதவை யாரும் பூட்டி அவள் பார்த்ததில்லை.

“என்னங்க இது? அடுப்படிக்கு யாரு பூட்டுப் போட்டது?”

சந்தனசாமி துணிப்பையை இறக்கி வைத்துவிட்டு, அவள் உட்கார நாற்காலியைத் துடைத்தார்.

“நாந்தான். நெல்லுப் பத்தாயம் கெடந்த ரூம்புல கேஸ் அடுப்ப மாட்டிருக்கேன். இனிமே அங்கிட்டுதான் சமையல். ஈஸ்டர் முடியட்டும், அந்த அடுப்ப இடிச்சுத் தள்ளிருவோம்.”

ஜாஸ்பின் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்த இடம், கழுவின இறால் மாதிரி வெளிறிச் சிவந்து கிடந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை.

ஆவூர்ப் பக்கத்தில் அந்த வீட்டை ரங்கூன் வீடு என்றால்தான் தெரியும். சந்தனசாமியின் பாட்டனாருக்கு அப்பா ரங்கூனில் மரக்கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு. தேக்குத் தூண்கள், தலை தட்டுகிற உள்கதவுகள், மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகுகிற ஓட்டுக்கூரை. கட்டினவர் வசதியாக இருந்திருக்கிறார். சந்தனசாமி கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் எந்த மூலை எப்போது விழும் என்று பார்த்துப் பார்த்து முட்டுக் கொடுப்பதிலேயே அவர் லீவு நாளெல்லாம் போகும்.

அடுப்படி மட்டும் ஒரு கல்யாணத்துக்கு ஆக்கலாம் போல அகலம். கிழக்குச் சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டி, மூன்று வாய் வைத்த விறகடுப்பு. மேலே செங்கல் புகைக்கூண்டு. மேடையிலும் பின்சுவரிலும் நீலப்பூப் போட்ட பீங்கான் கல் பதித்திருந்தார்கள். சுவரில் இருந்த பூக்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடையில் இருந்தது சூடு தின்று தின்று வெடித்து, நடு வாய்க்குப் பக்கத்தில் ஒரு கல் பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஜாஸ்பின் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து வீட்டுக்குக் கொடுக்கிற பலகாரம் என்பதால் பெரிய சட்டி. ஆடின கல் இறங்கிச் சட்டி சாய்ந்தது. எண்ணெய் நெருப்பில் கொட்டியது. நெருப்பு எழும்பிச் சேலையைப் பிடித்ததை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு ஈரச் சாக்கின் வாசனைதான் ஞாபகம்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம். குன்றாண்டார்கோவிலிலிருந்து குட்டியானை வண்டியில் சேர் இறக்க வந்த ஆவுடையப்பன் சத்தம் கேட்டு ஓடி வந்தவர், மாட்டுத் தொட்டியில் சாக்கை முக்கி அவளைச் சுற்றி அமுக்கி, அப்படியே தூக்கி வண்டியில் போட்டுப் புதுக்கோட்டைக்கு விரட்டியிருக்கிறார். பாதிச் சேர் வண்டியிலேயே இருந்ததாம். சந்தனசாமிக்கு ஓடுகிற பஸ்ஸில்தான் போன் வந்தது.

தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் அவளை வீட்டுக்கு விட்டார்கள்.

மறுநாள் காலையில் தெற்குத் தெரு செவந்தி வந்தாள். சித்தாள் வேலைக்குப் போய், கல் ஒட்டப் பழகி, இப்போது கீரனூர்ப் பக்கம் புது வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவள். கட்டர் மிஷினை ஸ்கூட்டியின் கால்மாட்டில் வைத்துக்கொண்டு போவாள். ஜாஸ்பினுக்குப் பெண் பிள்ளை கிடையாது. ஒரே மகன் ராபின் சிங்கப்பூரில் இருக்கிறான். பத்து நாள் லீவில் வந்து அழுதுவிட்டுப் போனான். ஆஸ்பத்திரியில் துணி மாற்றவும் தலை வாரிவிடவும் மற்றதற்கும் வேலையை விட்டுவிட்டுக் கூட இருந்தது செவந்திதான்.

“செவந்தி, அந்த அடுப்பு மேடைக்கு வேற கல்லு பதிச்சுத் தருவியா?”

செவந்தி சந்தனசாமியைப் பார்த்தாள். அவர் சட்டைக்குப் பட்டன் போடுவதை நிறுத்தினார்.

“இடிக்கணும்னு நேத்துத்தான் சொன்னேன். காதுல விழுகலையா?”

“விழுந்துச்சு.”

“அப்பறம் என்ன? ராபினும் அதத்தான் சொல்றான். கரண்டு அடுப்பு ஒண்ணு வாங்கிக்கங்கம்மாங்குறான்.”

“எனக்கும் ஒங்களுக்கும் ரெண்டு ஒழக்கு ஆக்க கேஸ் போதும். எனக்கு ரத்தம் குடுத்தது இந்தத் தெருப் பசங்க. ஒங்களுக்கு அத்தன நாளும் சோறு கொண்டாந்தது இந்தத் தெருப் பொம்பளைக. அவுகளுக்கெல்லாம் ஒரு வேள ஆக்கிப் போடணும்ங்க. ஈஸ்டருக்கு மறுநா. என் அடுப்புல.”

“சமையலுக்கு ஆளு விட்டு ஆக்கிப் போடுவோம்.”

“ஆளு விட்டா அது ஆளு போட்ட சோறு.”

சந்தனசாமிக்குக் குரல் உயர்ந்தது. “மெழுகுவத்தியப் பாத்தே நீ நடுங்குற. ஆஸ்பத்திரி சேப்பல்ல எந்திரிச்சு வெளிய வந்துட்டன்னு சிஸ்டர் சொன்னாங்க. நீ விறகடுப்பு முன்னாடி நிக்கப் போறியா?”

“நடுங்குது. அதுக்குத்தான் கேக்குறேன். அத இடிச்சுப்புட்டா இந்த நடுக்கம் எங்கிட்டுப் போகும்? என்கூடவேதான இருக்கும்?”

அவர் டிக்கெட் மிஷின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சாவியைச் செவந்தியின் கையில் கொடுத்தார். “சும்மா பாரு. பாத்துட்டு ஆகாதுன்னு சொல்லிரு.”

செவந்தி பார்த்தாள். ஒரு கம்பியால் மேடையைத் தட்டிக்கொண்டே போனாள். நடு வாய்க்கு வந்ததும் சத்தம் மாறியது. வெடித்த கற்களைப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் எலி வளை பறித்துச் செங்கலெல்லாம் பொக்கு விட்டுக் கிடந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் ஒளிக்காமல் சொன்னாள். “அண்ணே, மேல கல்ல ஒட்டிட்டுப் போனா திரும்பவும் எறங்கிரும். நான் செய்யமாட்டேன். தரையோட பிரிச்சுத் திரும்பக் கட்டணும்.”

“அப்ப இடிக்கத்தான சொல்ற.”

“இடிச்சுட்டுக் கட்டச் சொல்றேன்.”

ஜாஸ்பின் அடுப்படிக்குள் வரவில்லை. நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, “கட்டுறதுதான் கட்டுற, இடுப்பு ஒசரத்துக்குக் கட்டு. குத்தவச்சு ஆக்குனதுலதான் முந்தான தீக்குள்ள போச்சு. நின்னு ஆக்குற மாதிரி இருந்தா சேல எட்டாது” என்றாள்.

சந்தனசாமி மேடையில் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். “கல்லு ஆடுதுன்னு நீ ஆவணி மாசமே சொன்ன. பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு விட்டேன்.”

“சொன்னேன். சொல்லிட்டு நானுந்தான் ஒரு ஓட்டுச்சில்ல அண்டக்குடுத்து ஓட்டுனேன். விடுங்க.”

அவர் விடவில்லை. ஆனால் மறுநாள் டெப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

கண்டக்டர் சித்தாளாகிவிட்டார் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. மம்பட்டியால் வெட்டி இடிசலை அள்ளுவதும், உருப்படியான செங்கலைத் தட்டித் தட்டி அடுக்குவதும் அவர் வேலை. வெயில் பங்குனிக்கு முன்னாலேயே பங்குனி வெயிலாக அடித்தது. மத்தியானம் மூன்று பேரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கம்மங்கூழும் மோர்மிளகாயும் சாப்பிடுவார்கள். தவக்காலம் என்பதால் அந்த வீட்டில் கறி மீன் கிடையாது.

“அண்ணே, சட்டி ரொம்பாம கொண்டாங்க. இது பஸ்ஸு இல்ல, அமுக்கி அமுக்கி ஏத்துறதுக்கு” என்பாள் செவந்தி.

“ஒனக்குச் சில்லறையே தரமாட்டேன் பாத்துக்க” என்பார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

செவந்தி பின்சுவரிலிருந்து பதமாகப் பெயர்த்துக் கொடுத்த பூக்கல்லை ஜாஸ்பின் கழுவினாள். நூறு வருஷத்துப் புகை. புளியும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தால்தான் விட்டது. வலது கையால் தேய்த்து, இடது கையால் கல்லைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் இரண்டு கல் கைநழுவி உடைந்துவிட்டது. உதடு கடித்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள். கை விரலை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை அவள் தொட்டதேயில்லை. கல் கழுவி முடிக்கும்போது சுண்டுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேடைக்கு என்ன கல் போடுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. செவந்தி அடுப்புக்கு இதற்கு முன் கல் பதித்ததில்லை.

“கடக்காரர் இது சூடு தாங்கும்னுதான் சொல்றாரு. நம்பி ஒட்டுறதுக்கு முன்னாடி நெருப்புல வச்சுப் பாத்துருவோம்” என்று, கீரனூரிலிருந்து வாங்கி வந்த வழவழப்பான டைல்ஸ் ஒன்றை, முற்றத்தில் மூன்று செங்கல் கூட்டித் தீ மூட்டி அதன்மேல் வைத்தாள். ஜாஸ்பின் தள்ளிப் புங்கமரத்தடியில் இருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ‘டப்’பென்று வெடித்து ஒரு சில்லு முற்றத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

ஜாஸ்பின் எழுந்து ஓடினாள். செருப்பில்லாமல், எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல், தெருவைத் தாண்டி ரோட்டோர மாதா கெபி வரைக்கும் போய்விட்டாள். சந்தனசாமி போய்ப் பார்க்கும்போது மாதா சுரூபத்துக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்தது.

“போதும் ஜாஸ்பினு. போதும்டா. வேணாம் இந்த அடுப்பு.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து அவருடைய டிரைவர் கை காட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

நெடுநேரம் கழித்து அவளுக்கு மூச்சு சீரானது.

“அந்தக் கல்லு வெடிச்சுருச்சுல்ல?”

“ஆமா.”

“நல்ல வேள. ஒட்டுனதுக்கப்பறம் வெடிக்கல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வெடிக்காத கல்லு ஒண்ணு இல்லாமலா போகும்? வாங்க போவோம். கால் சுடுது.”

முற்றத்தில் செவந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, என்னைய மன்னிச்சுருக்கா.”

“ஒன்னையவா? அங்க என் பீத்துணிய அலசுன கையி இது. அது கெடக்கட்டும், வேற என்ன இருக்குன்னு பாரு.”

மச்சில் தளம் போட்டது போக மிஞ்சின சிவப்புத் தட்டோடு கொல்லையில் அடுக்கிக் கிடந்தது. கையகலச் சுட்ட மண் ஓடு. ஏற்கெனவே சூளையில் வெந்ததுதானே, இதை வைத்துப் பார்ப்போமே என்று சொன்னது சந்தனசாமி. செவந்தி ஒன்றை எடுத்துத் தீயில் வைத்தாள். ஜாஸ்பின் இந்தத் தடவை மரத்தடிக்குப் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றாள். ஓடு கறுத்தது. பிறகு செக்கச்செவேலென்று பழுத்தது. அவள் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். செவந்தி கரண்டியால் அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். ‘சொய்ங்’ என்றது, அவ்வளவுதான். விறகு தீர்ந்து தீ அவிந்து ஓடு ஆறுகிற வரைக்கும் ஜாஸ்பின் அங்கேயே நின்றாள். ஆறினதும் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்தாள். கணீரென்றது.

“இதையே போடு.”

சிமெண்ட் வேண்டாம், சூட்டுக்கு விட்டுப்போகும் என்று சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்தார்கள். இடுப்பு உயரத்துக்கு மேடை எழும்பியது. மூன்று வாய்க்கும் முன்னால் சாம்பல் தள்ள இடம் விட்டார்கள். மேலே தட்டோடு, ரசமட்டம் வைத்து வைத்து, ஒரு மயிரிழைகூட ஆடாமல், செவந்தி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி உட்கார வைத்தாள். பின்சுவரில் பழைய பூக்கல்லைத் தீ எட்டாத உயரத்தில் மறுபடி பதித்தாள். எல்லா இடத்துக்கும் பத்தவில்லை. விட்டுப்போன இடத்தில் சிவப்பு ஓட்டையே வைக்கச் சொன்னாள் ஜாஸ்பின். நீலத்துக்கு நடுவில் சிவப்புத் திட்டுத்திட்டாக, ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது.

“பரவால்லயாக்கா? கீரனூர்ல அதே மாதிரி பூப்போட்டது பாத்து வாங்கியாறட்டா?”

“என் கையும் இப்பிடித்தான இருக்கு” என்றாள் ஜாஸ்பின். “இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.”

ஈரம் காய ஈஸ்டர் வரைக்கும் விட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே அந்த வீட்டில் ஆள் நடமாட்டம். வெங்காயம் உரிக்கிறவர்கள் ஒரு பக்கம், தேங்காய் துருவுகிறவர்கள் ஒரு பக்கம். பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். விறகை அடுக்கி வைத்து, ஜாஸ்பின் தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். குச்சியைக் கிழித்தாள். கிழித்த குச்சி கையிலேயே எரிந்து அணைந்தது. இன்னொன்று. அதுவும். மூன்றாவது குச்சியில் கை உதறி, தீப்பெட்டி கீழே விழுந்து குச்சியெல்லாம் சிதறியது.

சந்தனசாமி குனிந்து குச்சிகளைப் பொறுக்கினார். “நான் பத்தவைக்கிறேன். நீ உப்புப் புளி பாரு” என்றார், எப்போதும் வழக்கம் அதுதான் என்பது போல.

அவர்தான் பற்றவைத்தார். ஒரு வாயில் சோறு, ஒரு வாயில் கறிக்குழம்பு. ஜாஸ்பின் தள்ளி நின்று சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்தார்கள். உப்பு மட்டும் அவள் போட்டாள். கறி மணம் தெருவுக்குப் போனது. மேடையில் அண்டா அசையவில்லை. பந்திக்குப் பந்தி அவள் இலைக்கு இலை போய், “நல்லா வாங்கிச் சாப்புடுங்க, தம்பி... வையி, அவுகளுக்கு இன்னும் ரெண்டு துண்டு வையி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரத்தம் கொடுத்த பையன் ஒருத்தன் மூன்றாவது தடவை குழம்பு கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறை. தீயைத் தொடவில்லையே.

பந்தியெல்லாம் முடிந்து, வாழை இலையை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் குட்டியானை வந்து நின்றது. ஆவுடையப்பன் இறங்கினார். ஐம்பது வயது தாண்டின, நெஞ்சு அகன்ற ஆள். மஞ்சள் வேட்டி, கழுத்தில் துளசிமணி.

“லோடு ஒண்ணு அன்னவாசலுக்கு மாட்டிக்கிருச்சுங்க. கோவிச்சுக்காதீங்க” என்றார் சந்தனசாமியிடம். பிறகு ஜாஸ்பினைப் பார்த்தார். “தங்கச்சி நல்லா இருக்கியளா?”

அவர் முகத்தை அவள் இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். கும்பிடப் போன கை பாதியில் நின்றது. “வாங்கண்ணே” என்று அவசரமாக இலையைப் போட்டாள்.

“இல்ல தங்கச்சி, சாப்பாடு வேணாம். நார்த்தாமல ஆத்தாவுக்குப் பால்கொடம் எடுக்க வெரதம் இருக்கேன். கவுச்சி புழங்குன சட்டில ஆகாது. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, குடிச்சுட்டுக் கெளம்புறேன். எனக்கு வந்து பாத்ததே நெறவு.”

தண்ணீர்ச் செம்பை வாங்க அவர் கையை நீட்டினார். உள்ளங்கையில் கோடுகளே இல்லாமல், தோல் பளபளவென்று வெளிறிக் கிடந்தது. ஜாஸ்பின் அதைப் பார்த்தாள்.

“அண்ணே, இது அன்னைக்கா?”

“அது ஆறிப்போச்சு தங்கச்சி. ஸ்டேரிங்கு நல்லாப் புடிக்குது.”

“எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே.”

“சொல்லி என்ன செய்ய? நீங்க உசுருக்குக் கெடந்தீக.”

ஜாஸ்பின் செம்பைக் கொடுக்கவில்லை. “உக்காருங்கண்ணே. பத்தே நிமிசம். எந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாவது வாயில் அன்றைக்கு எதுவும் ஏற்றியிருக்கவில்லை. பரணிலிருந்து புழங்காத புது மண்சட்டி இரண்டை இறக்கி அலசினாள். ஒன்றில் அரிசி களைந்தாள். கை கழுவி, மிளகும் சீரகமும் தட்டினாள், புளியைக் கரைத்தாள், தக்காளியைப் பிசைந்து விட்டாள். அவர் கிளம்பிவிடப் போகிறாரே என்று வாசல் பக்கமே காதாக இருந்தது. பனையோலையைச் சுருட்டிக் குச்சியைக் கிழித்து உள்ளே வைத்தாள். சுள்ளி பிடிக்கவில்லை. குனிந்து ஊதினாள். இன்னும் ஊதினாள். தீ எழுந்து அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

அடுப்படி நிலையில் வந்து நின்ற சந்தனசாமி, “நான்...” என்று வாயெடுத்தார். உள்ளே அண்டா கழுவிக்கொண்டிருந்த செவந்தி அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவர் அப்படியே நின்றுகொண்டார்.

சோறு வெந்ததும் சட்டியை மாற்றிப் புளித்தண்ணீரை ஏற்றி, நுரை கட்டுகிற பக்குவத்தில் இறக்கிக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான், இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்திருப்பதும், தான் எங்கேயிருந்து வருகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்தாள்.

சந்தனசாமி முன்னாலேயே கொண்டுவந்து வைத்திருந்த சோற்றில் ஆவுடையப்பன் குழி பறித்தார். அவள் ரசத்தை ஊற்றினாள்.

“சுடும்ணே, ஆற விட்டுச் சாப்புடுங்க.”

“சுட்டாத்தான் தங்கச்சி ரசம்” என்றார் அவர். அந்தக் கையாலேயே பிசைந்து, தலை குனிந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.

“வயிறு நெறஞ்சு போச்சு. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.”

வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் ஜாஸ்பின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி அடுப்படிக்கு வந்தால், சந்தனசாமி மூன்றாவது வாயிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

“ஏங்க, அணைக்காதீங்க” என்றாள். “செவந்தி காலையில இருந்து இன்னும் ஒரு வா காப்பி குடிக்கல.”